வந்தவருக்கு நீ போட்ட சாயா

கர்த்தருக்குள் உறங்குகிறாய் என்று கல்லில் வெட்டப்பட்டிருக்கும் என் அம்மைக்கு,

அப்படி வெட்டச் சொன்னது அண்ணன். மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வாசகம் அனுப்பினான். கடைசி மூன்று வருஷம் நீ எப்படி உறங்கினாய் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் கிடந்த எனக்கும் சரியாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போய் ஒரு வருஷம். போன வாரம் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார், நம் சபைக்காரர்தான். நாம் படுத்துவிட்டால், கவனிக்க ஆள் வைக்கும் செலவைக் கம்பெனி தரும் பாலிசி. உனக்கு அண்ணன் எடுத்துத் தந்தானே, அதே வகை. எனக்கும் உன் மருமகள் ஜெயாவுக்கும் சேர்த்து எடுக்கச் சொன்னார்.

"சாருக்கு அம்பத்தஞ்சு ஆச்சு. ஒரே மக, அவளும் பெங்களூர்ல. நாளைக்கு விழுந்தா ஆரு பாப்பாவ?"

"எங்க அம்மைக்கு இருந்த பாலிசி என்ன கிழிச்சுது?" என்று கேட்டேன். அவர் விண்ணப்பப் பாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா, அந்த நாளை நான் மறக்கவே இல்லை. உனக்குப் பார்க்கின்சன் வந்து நாலாவது வருஷம். கட்டிலிலிருந்து உன்னைத் தூக்கி இருத்துவது நான். குளிப்பாட்டி உடுத்திவிடுவது ஜெயா. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கக்கூஸ் போவது என்று பாலிசியில் ஆறு காரியங்கள் எழுதியிருந்தார்கள். அதில் மூன்று தானாகச் செய்ய முடியாமல் போனால் பணம் வரும். உன்னால் நாலு முடியாது. கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். உன்னை நான் நடிக்கச் சொல்லவில்லை. தினமும் எப்படிக் கிடக்கிறாயோ அப்படியே கிட என்றுதான் சொன்னேன். பணம் வந்தால் ஹோம் நர்ஸ் வைக்கலாம், ஜெயாவின் முதுகு தப்பும் என்று உன் கட்டிலருகே நின்றே சொன்னேன்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வடசேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருந்தார். நல்ல மனுஷன், பாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தணிந்த குரலில்தான் கேட்டார். "அம்மா, கக்கூஸுக்குத் தனியா போவியளா?"

நீ அவரைப் பார்த்தாய். பிறகு கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்தாய். மூன்று மாதமாக நான் பார்க்காத காரியம். "இரிங்க சார். இவ்வளவு தூரம் வந்திட்டு வெறும் வாயோட போவப்பிடாது" என்று சொல்லி, சுவரைக்கூடப் பிடிக்காமல் அடுக்களைக்குப் போனாய். அடுப்பைப் பற்ற வைத்தாய். பால் விடாத கட்டன்சாயா போட்டு, சாசரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாய்.

அவர் குடித்தார். குடித்துவிட்டு எழுதினார். "துணையின்றி நடக்கிறார். அடுக்களை வேலை செய்கிறார்." நான் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் அந்த இரண்டு வரியையே பதிலாக அனுப்பினார்கள். அண்ணன் போனில் சொன்னான்: "பாலிசி நான் எடுத்துத் தந்தேன்லா. அத வாங்கத் தெரியலேன்னா நான் என்ன செய்யட்டும்?" அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. உன் அடக்கத்தன்றுகூட.

அதற்குப் பிறகு நீ நடக்கவும் இல்லை. அடுத்த வாரம் முதல் கட்டிலேதான். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, எந்த வைத்தியரிடம் காட்டலாம் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது படுக்கையை மாற்றித் தந்தார்களா?

நான் தந்தேனா? அதைத்தான் எழுதக் கை வரவில்லை. ஊரான் ஒருத்தனுக்கு எழுந்தாயே, எங்களுக்காக ஒரு மணி நேரம் படுத்திருக்கக் கூடாதா என்ற கோபம். உன்னைத் தூக்கி இருத்துவதை நிறுத்தினேன். ஜெயா தனியாகத் தூக்கினாள். நான் கதவு நிலையருகே நின்று, "சாப்பிட்டாளா?" என்று அவளிடம் கேட்பேன். உன்னிடம் கேட்டதில்லை. மூன்று வருஷம் அப்படித்தான் போனது.

ஏஜென்ட் போன பிறகு, பாரத்தைக் கிழிக்க எடுத்தேன். ஜெயா கையைப் பிடித்தாள்.

"ஒரு காரியம் சொல்லுகேன். சத்தம் போடாண்டாம். கம்பெனி ஆளு வந்த அன்னைக்கு மாமி அந்த மாத்திரைய நேரத்தோட கேட்டு வாங்கித் தின்னாவ. ஆளு வரும்போ வெறச்சுக் கெடக்கப்பிடாதுன்னு."

மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் உன் கைகால் இளகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை அவர் வரும் நேரத்துக்கென்று நீ எடுத்து வைத்தாய் என்பது தெரியாது. ஏன் என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். 'மக்களே, ஹோம் நர்ஸ் வந்தா பெறகு அவன் இந்த ரூமுக்குள்ள எதுக்கு வருவான்? இப்பம் தூக்கி இருத்தவாவது வாறாம்லா'ன்னாவ."

"நாலு வருஷமா ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வந்திருப்பியளா?"

நான் வரவேண்டும் என்று நீ சாயா போட்டாய். அந்தச் சாயாவைச் சொல்லியே நான் வராமல் இருந்தேன். கதவுப்பக்கம் என் குரல் கேட்டபோதெல்லாம் நீ என்ன நினைத்தாய்? உள்ளே வருவேன் என்றா?

கொஞ்ச நேரம் கழித்து ஜெயா பேனாவைக் கொண்டுவந்தாள். இப்போது குனிந்து ஒரு குடம் தூக்க அவளால் முடியாது. "மாமிக்குச் செஞ்சேன், அதுல எனக்கு வருத்தமில்ல. ஒங்களுக்கும் செய்ய முதுகில்ல. விழுந்து கெடந்து என்னைக் கொல்லாண்டாம். ஒப்புப் போடுங்க" என்றாள். பிறகு, "ஆளு வந்து கேக்கும்போ அம்மை மாதிரி எழும்பிராதீங்க" என்றும் சொன்னாள். சிரிக்கவில்லை.

கையொப்பம் போட்டுவிட்டேன் அம்மா. அது லாபமா நஷ்டமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. கம்பெனி சொன்னபடி தருமா என்பதும் தெரியாது. அவள் முதுகுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எவனாவது பாரத்தோடு வந்து என் கட்டிலருகே நின்றால் நான் எழும்பமாட்டேன். முடியாது என்று வாய்விட்டுச் சொல்வேன். ஜெயா முதலில் விழுந்தால், காசு வாங்கிக்கொண்டு பார்க்க எத்தனை பேர் வந்தாலும், தினமும் அவளைத் தூக்கி இருத்துவது நானாக இருப்பேன். சாப்பிட்டாயா என்று அவளிடமே கேட்பேன்.

நிலையைத் தாண்டி உள்ளே வராத,
உன் இளைய மகன்.