மாத்திரைக்கு முந்தின கோடு

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், என் வலது கையைத் தவிர. அது வழக்கம்போல் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, புது வீட்டு ஜன்னல் இன்னும் சரியாக மூடவில்லையா என்பதே என் கவலை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் திருட்டுப் பயல் என்றால் அவள் மாமா என்று எழுதப் பார்க்கிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுது, இந்த வீட்டில் இனிமேல் யாரும் எதையும் நேராக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போனில் நீ, மாமா பாவம்மா, அழறாரு, அந்த ஒரு படத்தை மட்டும் இறக்கிக்கச் சொல்லிடு என்றாய். என் தம்பி உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருப்பான். மீதியைக் கேட்டுவிட்டு நீயே சொல். நீ போன பிறகுதான் நான் மறுபடி தூரிகையைத் தொட்டேன். இந்த நடுக்கம் வந்த நாளாகப் படம் போடுவதை விட்டிருந்தேன் அல்லவா, ஒருநாள் காலை மாத்திரை போட மறந்து உட்கார்ந்தபோது தாளில் விழுந்த கோட்டைப் பார்த்தேன். உடைந்து உடைந்து, ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அதுவே என் வழி. எழுந்ததும், மாத்திரைக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் வரைவேன். மாத்திரை போட்டுக் கை அடங்கிய பிறகு பக்கத்திலேயே நீலத்தில் வரைவேன். வேறு உருவம் ஒன்றும் கிடையாது. ஒரு படம் என்றால் என்னுடைய ஒரு காலை, அவ்வளவுதான். உன் அப்பா முதலில் பார்த்துவிட்டு, ரெண்டு பேர் சண்டை போடற மாதிரி இருக்கு, யார் ஜெயிச்சது என்று கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

உன் மாமா அதையெல்லாம் தன் படக்கூடத்தில் மாட்டுகிறேன் என்று அவனாகவே வந்து கேட்டான், வண்டி வைத்து எடுத்துப் போனான். சின்ன வயதில் அவனுக்கு வீட்டில் அளவுகோல் என்று பேர். யார் நோட்டைக் கொடுத்தாலும் அடிக்கோடு போட்டுத்தான் திருப்பித் தருவான். அந்தப் புத்தி எங்கே போகும்? கண்காட்சித் திறப்புக்கு முதல்நாள் போய்ப் பார்க்கிறேன், சுவர் முழுக்க என் படம், என் சாம்பல் கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பெயர்ப்பலகை எழுதும் ஓர் ஆளை வைத்து நேராக இழுத்துவிட்டிருக்கிறான். ஏன்டா என்றேன். கொஞ்சம் கோணலா இருந்துச்சுக்கா, பார்க்கிறவங்க உன்மேல பரிதாபப்படக் கூடாதுல்ல, உன் நல்லதுக்குத்தான் என்றான். என் காலைகளில் பாதியைத் துடைத்துவிட்டு எனக்கு நல்லது செய்தானாம். சரிடா தம்பி, நல்லா இருக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தேன். கூட வந்திருந்த உன் அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

படம் சுவரில் ஏறிய பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன் என்பது உனக்குத் தெரியுமே. மறுநாள் சாயங்காலம் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. நான் மதியத்து மாத்திரையைப் போடவில்லை. உன் தங்கை அழுதாள், உன் அப்பா தண்ணீரும் மாத்திரையுமாகப் பின்னாலேயே வந்தார். நான் அசையவில்லை. உன் மாமா வெள்ளைச் சட்டையில் நின்று, எங்கக்கா கை எவ்வளவு உறுதின்னு இந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரியும் என்று பேசினான். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிடா என்று சாம்பல் வண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன். எல்லோரும் பார்க்கிறார்களே, பிடித்துத்தான் ஆக வேண்டும். அவன் இழுக்கவைத்த ஒவ்வொரு நேர்கோட்டின் மேலும் என் கை எப்படி ஆடியதோ அப்படியே வரைந்தேன். கால் பிடித்துக்கொண்டது, முதுகு மரத்துப்போனது, விடவில்லை. அக்கா போதும்கா என்று காதோரம் கெஞ்சினான். தட்டை நேராப் பிடி என்றேன். சட்டை முழுக்கச் சாம்பல்.

கடைசிப் படத்தை மட்டும் தொடவில்லை. இது நீ போட்டது, அடுத்தவன் படத்தில் நான் பேர் போடமாட்டேன், நீயே போடு என்று எல்லோர் முன்னாலும் தூரிகையை நீட்டினேன். போட்டான். போடும்போது அவன் கை நடுங்கியது, பெரியவளே. அவனுக்கு எந்த நோயும் கிடையாது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. வைத்தியர் திட்டினார், திட்டட்டும். கண்காட்சி முடியும்வரை அந்தப் படம் அவன் பேரோடு அங்கேயே தொங்கும். இறக்கினால் மற்றதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் உனக்கு மறுபடி போன் செய்வான், அழுவான். கேட்டுக்கொள், சாப்பிட்டீங்களா என்று விசாரி, தூது மட்டும் வராதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். கீழே இருக்கும் கையெழுத்து மட்டும் நானே போட்டது. தாளைப் பிடிச்சுக்கட்டுமாம்மா என்று உன் தங்கை கேட்டாள், வேண்டாம் என்றேன். என் பேரில் எப்போதாவது நேரான கையெழுத்தோடு எதுவும் வந்தால் நம்பாதே.

இப்படிக்கு,
மாத்திரை இன்னும் போடாத
உன் அம்மா