அபியின் பட்டியலில் அழாத ஒருவன்

குளிருக்கு அஞ்சாத என் மச்சான் தவத்துக்கு,

போன இடம் எப்படி? சொன்ன மாதிரியே குளிர்கிறதா? இங்கே வளைகுடாவில் ஆகஸ்ட் மாதம். நாம் இருவரும் வேலை பார்த்த ஜெபல் அலி குளிர்க்கிடங்கில் உள்ளே மைனஸ் இருபத்தைந்து, வெளியே நாற்பத்தைந்து. நீ போய் இரண்டு மாதமாகியும் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஃப்ரீசர் திருத்த வந்த நோர்வேக்காரன் சாப்பாட்டு நேரத்தில் சொன்ன கதை நினைவிருக்கிறதா? அவனுடைய முன்னோருக்கு இறந்தவர் உலகத்தின் பெயர் ஹெல். அங்கே நெருப்பில்லை, உறைபனியும் மூடுபனியும்தான். நோயிலும் முதுமையிலும் போனவர்களுக்கான இடம். அதை ஆளும் அரசிக்குப் பாதி உடம்பு மனித நிறம், பாதி நீலம். நீ பருப்புக்கறியைப் பிசைந்துகொண்டே, "கரண்ட் பில் இல்லாத ஏசியடா. எனக்கும் அங்கை ஒரு கட்டில் போடச் சொல்லு" என்றாய். நெஞ்சுவலியில் போனவன் நீ, உனக்குக் கட்டாயம் இடம் கிடைத்திருக்கும்.

மிச்சக் கதையை வீட்டில் மகளுக்குச் சொன்னாயே, அங்கேதான் பிழை விட்டாய். ஒரு தேவகுமாரன் இறந்து ஹெலுக்குப் போனான். உலகத்தில் உள்ள அத்தனையும் அவனுக்காக அழுதால் திருப்பி அனுப்புவேன் என்றாள் அரசி. மனிதர், மிருகம், கல், இரும்பு எல்லாம் அழுதன. ஒரேயொரு அரக்கி மட்டும் மாட்டேன் என்றாள். அவன் அங்கேயே இருந்துவிட்டான்.

உன் ஒன்பது வயது அபி இப்போது கொப்பியும் பென்சிலுமாகத் திரிகிறாள். அம்மா சுமதி அழுதாச்சு, சரி. ஸ்கூல் பஸ் ஓட்டும் பாய், சரி. கீழ்க்கடைச் சேட்டன் வெங்காயம் வெட்டும்போது பிடிபட்டார், அவருக்கும் சரி. பூனைக்கு எப்போதும் கண்ணில் நீர். கல்லுக்கும் இரும்புக்கும் எங்கே போவாள் என்று நினைத்தேன். இந்தப் புழுக்கத்தில் யன்னல் கண்ணாடி, கார்க் கதவு, பால்கனிக் கம்பி எல்லாம் வியர்த்து வடிகின்றனவே, அத்தனைக்கும் சரி போட்டுவிட்டாள். என் பெயருக்கு நேரே மட்டும் ஒன்றுமில்லை.

என் கண்ணில் நீரை அவள் ஒரு தரமும் காணவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதம், போலீஸ் கடிதம், தூதரக முத்திரை என்று உன்னை யாழ்ப்பாணம் அனுப்பும் வரைக்கும் நான் ஃபைலும் கையுமாக ஓடினேன். இங்கே ஒருவன் செத்தால் அவனுடைய கூட்டாளிக்கு அழ நேரம் கிடைப்பதில்லை, உனக்குத் தெரியாததா? ஆனால் அபிக்கு நான் அந்த அரக்கி. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. உன் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சோற்றுத் தட்டைத் தொப்பென்று வைப்பாள். சிரிப்பும் வந்தது, உன் பிள்ளையும் என்னைக் கைவிட்டுவிடுவாளோ என்று பயமும் வந்தது.

போன ஞாயிறு முடிவெடுத்து அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அபி, மாமா இப்ப அழப்போறன். கொப்பியைக் கொண்டு வா."

அவள் கொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "நோ மாமா. ப்ளீஸ், அழாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"நீங்களும் அழுதா எல்லாரும் அழுதாச்சு. பிறகும் அப்பா வரேல்லையெண்டா?"

"சரி, நான் அழேல்லை. எல்லாம் என்ர பிழைதான்" என்றேன். அன்றைக்குத்தான் பழையபடி என் தோளில் சாய்ந்து டிவி பார்த்தாள்.

ஆகவே வாக்குத் தருகிறேன் மச்சான், இனி நான் அரக்கியாகவே இருப்பேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கும்படி சுமதி என்னிடம் சொல்லியிருக்கிறாள், நீ தள்ளிப்போட்டே வந்த வேலை. பழக்குவேன், ஆனால் மிக மெதுவாக. இந்தக் கடிதத்தை அவள் வாசிக்கும்போது நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் உன் சவப்பெட்டி உள்ளே போனதும், விமான நிலையக் கார்கோ வாசலில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று நான் அழுது தீர்த்துவிட்டேன்.

உன் மகளுக்கு மாமனும்
உனக்கு மச்சானுமான
நேசன்