மோரில் கலந்த கீழாநெல்லி

தாயில்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

திருப்பூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் அத்தை மடியில் இருக்கிறது. அதனால்தான் இன்று அங்கே லோடு ஏற்றிப் போகும் பாண்டிச்செல்வம் அண்ணனிடம் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொன்னால் ஊரெல்லாம் பரவிவிடும்.

எனக்கு மஞ்சள்காமாலை, மாமா. வயிற்றில் நம் ஆறு மாதப் பிள்ளையோடு. பட்டாசுக் கம்பெனியில் கந்தகம் சலிக்கிற ரூமில் எல்லார் கையும் மஞ்சள்தான். நானும் அதுதான் என்று எண்ணெய் தடவித் தேய் தேய் என்று தேய்த்தேன், கூறுகெட்டவள். மழைக்கு லீவு விட்டும் மஞ்சள் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பத்திரகாளி அக்காதான் என் இமையை இழுத்துப் பார்த்து, "ஏத்தா, கண்ணுலயுமா கந்தகம் ஒட்டும்?" என்று கத்தினாள்.

அன்றிலிருந்து அத்தை விடிந்ததும் வரப்பில் கீழாநெல்லி பறித்து, வேரோடு அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் தருகிறார்கள். உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. கஞ்சியைக் கண்டாலே குமட்டுகிறது. சின்னப் பிள்ளையில் உங்கள் காமாலையைத் தீர்த்தது இதுதானாம். "எம்மவன் உசுரோட நிக்கான்ல, வேற என்ன சாட்சி வேணும்?" என்கிறார்கள். அதுவும் சரிதான், நிற்கிறீர்களே!

மோரில் கூடாது, ஆட்டுப்பாலில்தான் கொடுக்கணும் என்கிறாள் பத்திரகாளி அக்கா. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கவே கூடாது என்கிறாள் அவள் தங்கச்சி. அத்தைக்குத் தெரியாமல் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, உடனே விருதுநகர் போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர் என்றார்கள். கீழாநெல்லி நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "அதைக் குடிச்சிட்டு வீட்டுல உக்காந்திருக்கியே, அதுதாம்மா கெட்டது" என்றார்கள். குடித்தால் பிள்ளைக்கு ஆகாதோ, விட்டால் எனக்கு முற்றிவிடுமோ, ஒன்றும் விளங்கவில்லை. இன்று காலையும் குடித்தேன்.

நேற்று அத்தை அம்மி முன்னால் உட்கார்ந்து, அரைக்காமல் அழுதுகொண்டிருந்தார்கள். பாவம், அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. தெருவெல்லாம் "நான் காமாலைய இறக்கிக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்?

நீங்கள் அத்தைக்கு ஒரு போன் போடுங்கள். கீழாநெல்லிக்குக் காமாலை கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "யம்மா, எனக்கு மனசு கேக்கல, நீயே அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று உங்கள் பயமாகச் சொல்லுங்கள். மகன் கெஞ்சினான் என்றால் ஊர் என்ன பேசினாலும் கிளம்பிவிடுவார்கள்.

நாளை மதியம் வரை பார்ப்பேன். போன் வராவிட்டால் நானே போய்விடுவேன், அப்புறம் கோபிக்கக் கூடாது. பிள்ளை நேற்றைவிடக் குறைவாகத்தான் உதைக்கிறது. சீக்கிரம், மாமா.

உங்கள்,
வேல்விழி