சீனச் சண்டையும் சின்னத்தங்கத்தின் வீடும்

1938 ஒக்டோபர் 3

சீன யுத்தத்தைப் பற்றி வாசிகசாலையில் விவாதம் வைக்கப்போகிறோம். பொறுப்பு ஜப்பானுடையதா, ஆசியாவைக் கூறுபோட்ட வெள்ளைக்கார வல்லரசுகளுடையதா? தலைப்பு என்னுடையது. கட்சி பிரித்தவர் ஊர் அதிகாரி விதானையார். "கொம்புமுறிக்குப் பிரியிற மாதிரிப் பிரிஞ்சிரிங்க, சோலி இல்ல" என்றார்.

கோயிலில் இரண்டு கொம்புகளைக் கொளுவி முறியும்வரை இழுக்கும்போது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். தோற்ற சேரியை வசை பாடியே கொன்றுவிடுவார்கள். அது சீனாவுக்கு எதற்கு? நான் தென்சேரி, ஜப்பானைக் குற்றம் சொல்லவேண்டும். என் மனைவி சின்னத்தங்கமும் அவள் தம்பி அழகரத்தினமும் வடசேரி.

ஒக்டோபர் 6

சீனா எந்தத் திசை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் மீசை முறுக்குகிறார்கள்.

ஒக்டோபர் 8

நடுவர் கிடைத்தார். காத்தான்குடிப் புடவை வியாபாரி அசனார், அண்ணன் முறையில் எல்லோருக்கும் காக்கா. எந்தச் சேரியும் இல்லாதவர். ஜப்பான் பட்டையும் மான்செஸ்டர் சீத்தைத் துணியையும் ஒரே பொட்டணியில் விற்பவர்.

ஒக்டோபர் 9

நாசம்.

நன்றாகத்தான் தொடங்கினேன். மேசையில் அடித்து, "காரணம் ஆயிரம் இருக்கலாம், முதல் வெடி வைத்தவனே பொறுப்பு!" என்றேன். ஒரே கைதட்டல். அந்த மிதப்பில், "காவலுக்கு வந்தேன் என்று அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து, சாய்மானக் கதிரையில் படுத்து அதிகாரம் பண்ணுகிறவனை என்னவென்று சொல்வது?" என்று கேட்டேன்.

அழகரத்தினம் எழும்பினான். "அவன அத்தான் எண்டுதான் சொல்ற. எங்கட அக்காட ஊட்டில அதத்தானே செய்றீங்க?"

கூரை பறக்கச் சிரித்தார்கள். இந்த ஊரில் வீடு பெண்ணுடைய சீதனம். கலியாணம் முடித்தவன் அங்கே போய் இருப்பவன். எனக்குத் தலை கொதித்துவிட்டது. "ஒங்கட அக்காதான்டா நாடு பிடிக்கிறவ! என்ட சம்பளத்தப் பிடிச்சா, இப்ப வாயையும் பிடிக்கப் பாக்கிறா!"

ஐயோ, ஏன் சொன்னேன்? அவள் பெண்கள் பக்கத்தில் இருந்தாள்.

"ரெண்டு சாமானும் நல்ல சாமான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அசனார் காக்கா தோணி ஏறிவிட்டார்.

ஒக்டோபர் 10

வீட்டு வேலிப் படலை கட்டிக் கிடந்தது. வெளியே நின்று, "ஒன்ட தம்பிதானே துவங்கினது? காரணத்தப் பாரு புள்ள" என்றேன்.

"காரணம் ஆயிரம் இருக்கலாம் எண்டு மேசையில அடிச்சது ஆரு? என்னில முதல் வெடி வச்சது ஆரு?" என்றாள் உள்ளே இருந்து.

இரவு வாசிகசாலை மரவாங்கில் படுக்கை.

ஒக்டோபர் 11

அழகரத்தினமும் பாயோடு வந்துவிட்டான்! அவனும் பெண்சாதி கண்ணகையின் வீட்டில் இருப்பவன்தானே. "அப்ப நீங்க என்ட ஊட்டில ஆரு?" என்று அவள் கேட்டாளாம். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம். எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம்.

ஒக்டோபர் 14

மழை. கூரை ஒழுக்கு நேரே என் வாங்கின் மேல். "அத்தான், இஞ்சால வாங்க" என்று ஒதுங்கி இடம் விட்டான். பாணும் வாழைப்பழமும் தின்று நாக்குச் செத்துவிட்டது. அவளுடைய தேங்காய்ப்பால் சொதியை நினைத்தால் அழுகை வருகிறது. சொதியை மட்டுமா?

ஒக்டோபர் 16

போய்ப் படலையடியில் நின்றேன். "நான்தான் பொறுப்பு" என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

பின்னாலே வந்த அழகரத்தினம், "இல்லக்கா, நான்தான் துவங்கினது" என்றான்.

"நீ சும்மா இரு, நான்தான்!"

"இல்ல அத்தான், நான்தான்!"

இருவரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினோம். படலை திறந்தது. "சத்தம் போடாம வாங்க ரெண்டு பேரும். சோறு ஆறுது."

என் சாய்மானக் கதிரையில் நெல் மூட்டை இருந்தது. நான் தரையில் பாயில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 2

லோஞ்சுப் படகில் பத்திரிகை வந்தது. ஹாங்கோ நகரமும் ஜப்பானிடம் விழுந்துவிட்டதாம். ஜப்பான் சீனாவைச் சாட்டுகிறது, சீனா ஜப்பானைச் சாட்டுகிறது, வெள்ளைக்காரர்கள் இரண்டு பேருக்கும் புத்தி சொல்கிறார்கள். சாப்பிடும்போது வாசித்துக் காட்டினேன்.

"அங்க ஒருத்தரும் நான்தான் எண்டு சொல்லல்லையா?" என்று கேட்டாள் சின்னத்தங்கம்.

"இல்ல."

"பாவம், அந்தச் சனம் எங்க போய்ப் படுக்கும்?"

நான் பத்திரிகையை மடித்துவைத்தேன். ஓரா மீனின் நடுத்துண்டை என் பக்கம் தள்ளிவைத்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.