நல்ல தண்ணீர்த் தொட்டியில் பொரிக்காத முட்டைகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் சுகம்தான். நீயும் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "பேசாம கையெழுத்துப் போட்டுட்டு ரிட்டயர் ஆகிடும்மா, எதுக்கு வம்பு" என்றாயே, அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆற்றில் கலக்கும் தொழிற்சாலைக் கழிவு நத்தைகளை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி, உனக்குத் தெரியும். ஒரு தொட்டியில் ஆற்றுத் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் ஆய்வகக் குழாய்த் தண்ணீர், அதாவது ஊரே குடிக்கிற நல்ல தண்ணீர். நத்தை முட்டையை நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே குஞ்சு மெல்லச் சுழல்வது தெரியும், முப்பது வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரில் ஆறாம் நாள் சுழல்வது நின்றது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் குழாய்த் தண்ணீரிலும் நின்றது. என் கைதான் எங்கோ பிசகிவிட்டது என்று தொட்டியைக் கொட்டிக் கழுவி மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே கதை, மறுபடியும் கொட்டினேன். கொட்டிவிட்டு அதே குழாயில் தண்ணீர் பிடித்து டீ போட்டுக் குடித்தேன் பார், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. படித்தவள் என்று பெயர்!

மூன்றாம் முறை நம் மொட்டைமாடியில் பிடித்த மழைத் தண்ணீரையும் ஒரு தொட்டியில் வைத்தேன். அதில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பொரித்தது. ஆய்வக இயக்குநரிடம் ஓடினேன். "ஒப்பிட வெச்ச தொட்டியே போச்சுன்னா சோதனையே செல்லாதுங்க மேடம், தோல்வின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்று காகிதத்தை நீட்டினார். குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரினாக இருக்கும் என்றார். அது போவதற்காக மூன்று நாள் காற்று விட்டு, அளந்து பார்த்த பிறகுதான் நத்தையை விடுகிறோம் என்பது அவருக்குத் தெரியாதா, அவரும் ஒரு காலத்தில் தொட்டி கழுவியவர்தானே.

உன்னிடம் மறைப்பானேன், கையெழுத்துப் போடத்தான் இருந்தேன். நாலு நாள் அந்தக் காகிதம் என் பையில் கிடந்தது. சின்னவளுக்கு இது ஐந்தாம் மாதம் இல்லையா, அவளைக் கூப்பிட்டு, இனி மழைத் தண்ணீரையே காய்ச்சிக் குடி, யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். அவள் குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதிர் வீட்டு அக்காவுக்கும் ஏழு மாசம்மா. அவங்ககிட்ட என்ன சொல்ல?" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற பெண்ணே என்னை நிற்க வைத்துக் கேட்டுவிட்டாள்.

மறுநாளே அறிக்கையை நானே எழுதினேன். கொட்டிய இரண்டு தொட்டிகளையும் மறைக்காமல் எழுதி, குடிநீர் வாரியத்துக்கும் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன். நத்தைக்கு ஆனது மனுஷிக்கும் ஆகும் என்று எழுதவில்லை, அது எனக்குத் தெரியாது. தெரிகிற வரை குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள் என்றுதான் கேட்டேன். அன்று மாலையே ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், நத்தைகளைத் தூக்கி எறியச் சொன்னார்கள். எறிவேனா? உன் அறையில், நீ படித்த மேசை மேல் ஆறு தொட்டிகள் இருக்கின்றன. அப்பா "முப்பது வருஷமா ஒரு நத்தையைக்கூட வீட்டுக்குள்ள விடாம காப்பாத்தினேன்" என்று புலம்பிக்கொண்டே மின்சார ஒயரை இழுத்துக் கொடுத்தார். நீ வந்தால் கூடத்தில்தான் படுக்கை.

பயமாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, வாசலில் வண்டி நின்றாலே ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்க்கிறேன். ஆனால் பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க என்னால் ஆகாது. முந்தாநாள் அவளிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், "எங்க வீட்டுத் தண்ணியையும் பாருங்கம்மா" என்று ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள்.

நீ எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. கஷாயத்தை மறக்காதே. கையெழுத்துப் பேச்சை மட்டும் இனி என்னிடம் எடுக்காதே. இன்று காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் பதினேழு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா