டெல்டாவில் ஓடு, ஸ்டாரில் ஏறு

பதிவு 1. நிலா, கிழக்குக் கூடாரம். கோவை நேரம் காலை 8.40

எழுதுவது சுகந்தி, மோட்டார் பராமரிப்பு. இந்தப் பக்கத்தில் மனிதர்கள் இரண்டே பேர். நான் இங்கே, ரெமிஜியுஸ் என்கிற பையன் மேட்டு நிலையத்தில். தூத்துக்குடிக் கடற்கரைப் பிள்ளை, வாய் ஓயாது. தினமும் என் குரலைக் கேட்காமல் சாப்பிடவும் மாட்டான். கேட்டால், "கூடப் போன வள்ளம் கண்ணுல படாம நாங்க கரையேற மாட்டோம்க்கா" என்று வியாக்கியானம் வேறு. செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது மட்டும்தான் பேச முடியும். மற்ற நேரமெல்லாம் என் மூச்சுச் சத்தம்தான் துணை.

சூரியத் தகடுகள் சரி. காற்று சரி. சூடேற்றி முனகுகிறது.

பதிவு 2. மதியம் 1.15

சூடேற்றி செத்துவிட்டது, சனியன். உதிரிப் பாகமும் இல்லை. இரண்டு வார இரவு வந்துகொண்டிருக்கிறது. இங்கேயே இருந்தால் விறைத்துப்போவேன். மேட்டு நிலையத்துக்குப் போயாக வேண்டும்.

இருப்பது சாமான் ஏற்றும் மின்சார சைக்கிள் ஒன்று. அதற்கும் என் உடையின் சூட்டுக்கும் வெயில்தான் சாப்பாடு. இருட்டு பிடித்தால் பாட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். முதலில் மேற்கே நீண்ட சமவெளி, அப்புறம் வடக்கே சரிவு. இரவோ ஓர் ஆள் ஓடுகிற வேகத்தில் கிழக்கிலிருந்து வருகிறது. சைக்கிள் அதைவிட மெதுவாகத்தான் போகும்.

பதிவு 3. மறுநாள் காலை 7.00

சக்கரத்துக்குள்ளே இருக்கும் மோட்டாரைப் பிரித்துவிட்டேன். மூன்று செம்புச் சுற்றுகள். மூன்றின் வாலையும் ஒரே முடிச்சாகக் கட்டியிருக்கிறார்கள். இது ஸ்டார்: இழுவை உண்டு, வேகம் கிடையாது. ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு வளையமாகக் கோத்தால் டெல்டா: பறக்கும், ஆனால் மேடு ஏறாது. எனக்கு இரண்டும் வேண்டும். சமவெளியில் டெல்டா போட்டு இரவை முந்தி, மிச்சம் பிடித்த நேரத்தில் ஸ்டார் போட்டுச் சரிவில் ஏற வேண்டும்.

முடிச்சை வெட்டினேன். மூன்று கம்பிக்கென்று போட்ட அச்சுத் துளையில் ஆறு கம்பிகளை நுழைப்பதற்குள் உயிர் போய்விட்டது. மாற்றுவதற்கு ஒரு கைப்பிடி. தூசி போகாதபடி பெட்டியை எபாக்ஸி ஊற்றி அடைத்தாயிற்று. கைப்பிடியின் மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: நிறுத்திவிட்டு மாற்று.

பதிவு 4. பகல் 11.05

ஓடுகிறது! பாவி மோட்டார், என்னமாய் ஓடுகிறது! திரும்பிப் பார்த்தால் இருட்டு பின்தங்குகிறது. இந்தச் சமவெளி முழுவதிலும் அசைவது நான் ஒருத்திதான். சிரித்தேன். தலைக்கவசத்துக்குள் என் சிரிப்பு எனக்கே யாரோ சிரிப்பது போலக் கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

பதிவு 5. மாலை 4.00. சரிவின் அடிவாரம்

கெடுத்துவிட்டேன்.

பத்து வருஷம் பம்புசெட் ஸ்டார்ட்டர் பார்த்த கை. அங்கே மோட்டார் ஓடும்போதேதான் கைப்பிடியைச் சடக்கென்று தள்ள வேண்டும். சரிவைப் பார்த்ததும் கை தானாகப் போய்த் தள்ளிவிட்டது. சக்கரம் நிற்கவே இல்லை. பெட்டிக்குள் ஒரு நீல வெளிச்சம். உள்ளே தகடுகள் உருகி டெல்டாவிலேயே ஒட்டிக்கொண்டன. கம்பிகளை வெட்டி மறுபடி ஸ்டாராக முடியலாம் என்றால், வெளியே தெரியும் கம்பி விரல்கடை நீளம்கூட இல்லை. உறை போட்ட விரலால் பிடிக்கவே முடியவில்லை. சிவப்பு மையில் எழுதியது நானேதான். படிக்கத்தான் ஆள் இல்லை.

நடந்து ஏறினால் பாதியில் இருட்டிவிடும்.

பதிவு 6. மாலை 4.40

செயற்கைக்கோள் வந்தது. மோட்டார் மக்கர் செய்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

"கவலப்படாதீங்கக்கா. கயிறு எடுத்துக்கிட்டு என் சைக்கிள்ல வாரேன். கட்டி இழுத்துருவோம்."

அவன் சைக்கிள் ஸ்டார் மட்டும். தனியாக என்றால் ஏறும். என்னையும் கட்டி இழுத்தால் ஊரும். இருட்டு இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"வேண்டாஞ் சாமி. சரியாயிருச்சு. ஏறிட்டிருக்கேன். நீ காப்பி போட்டு வை, வந்தர்றேன்."

"நெசமாவாக்கா? சரி, சரி. சீனி தூக்கலாப் போடுதேன்."

பயமாக இருக்கிறது. ஆனால் அவன் குரலில் இருந்த சந்தோஷம் போதும்.

பதிவு 7. மாலை 5.50

மேற்கே ஓடிக்கொண்டிருக்கிறேன். மேடு ஏறாத வண்டி. சமதரையில் வெயிலையாவது துரத்தட்டும். காற்று தீரும்வரை வெளிச்சத்தில் இருக்கலாம். தனியாகப் போவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேவலை.

பதிவு 8. மாலை 6.30

கூப்பிட்டான்.

"எக்கா, எங்க இருக்கீங்க? பாதிச் சரிவுல நிக்கேன், உங்களக் காணோமே. காப்பியக் குடுவையில கொண்டாந்திருக்கேன். சேந்தே மேல போவோம். விளக்கப் போட்டுட்டு இங்கனதான் நிப்பேன், மெதுவா வாங்க."

பதில் சொல்வதற்குள் செயற்கைக்கோள் இறங்கிவிட்டது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

இவன் நிற்பான். கூடப் போன வள்ளத்தைப் பார்க்காமல் நகரமாட்டான். என் பொய்தான் அவனைக் கீழே இறக்கிவிட்டது. உடையில் இருக்கும் ரேடியோ கண்ணுக்கு எட்டுகிற தூரம் பேசும். அடிவாரத்துக்குப் போய்விட்டால் போதும், அவனை விரட்டிவிடலாம்.

திரும்பிவிட்டேன். டெல்டாவில், முழு வேகத்தில், கிழக்கே. எதிரே இருட்டு.

பதிவு 9.

அடிவாரம். இருட்டு என்னைத் தொட்டுவிட்டது. கால் மரத்துப்போகிறது. மேலே அவன் நிற்கும் இடத்தில் இன்னும் வெயில் இருக்கிறது. அவனுடைய விளக்கு தெரிகிறது.

"ரெமி, கேக்குதா? பொய் சொன்னேன் சாமி. மோட்டார் போயிருச்சு. என்னால ஏற முடியாது. நீ இப்பவே திரும்புனா போயிருவே. போ. போயிரு."

"கேக்குதுக்கா. உங்க விளக்கு தெரியுது. அங்கனயே நில்லுங்க, வாரேன்."

அவன் கண்ணில் படாதபடி என் விளக்கை அணைத்துவிட்டேன்.

அவன் விளக்கு இறங்கிக்கொண்டே இருக்கிற—