காரணம் கேட்க மாட்டேன் என்று சொன்னவள்

11-6-2001, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். அணுபுரத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் நின்றேதான். இடுப்பு வலி.

கருக்கலைப்புக்கு ஒரு பெண். மறைமலைநகரில் கம்பெனி கேன்டீன் வேலை. தனியாக வந்தாள். எட்டு வாரம். படிவத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே வழக்கம்போல ரப்பர் ஸ்டாம்ப் குத்தினேன்: ‘கணவர் கையெழுத்து’. அவர் போட மாட்டார் என்றாள். பெரிய டாக்டர் திருப்பி அனுப்பச் சொன்னார்.

பதினொரு வருடமாகக் குத்துகிறேன். இன்றுதான் அச்சடித்த படிவத்தை முழுதாகப் படித்தேன். அதில் கணவன் என்ற சொல்லே இல்லை. பதினெட்டு வயது முடிந்தவள் சம்மதித்தால் போதும். ஸ்டாம்ப் நாங்களாகச் செய்து வைத்துக்கொண்டது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். எங்கே போனார்களோ, எந்த நாட்டு மருந்தோ.

டாக்டரோடு சண்டை போட்டேன். “நாளைக்கு அவ புருஷன் வந்து என் சட்டையைப் பிடிச்சா நீங்க வருவீங்களா சிஸ்டர்?” வருவேன் என்றேன். மதியம் முடிந்தது. ஸ்டாம்ப் குப்பைத்தொட்டியில்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

17-6, ஞாயிறு

மதுராந்தகம் பக்கம், தம்பி குமார் வீடு. என் மகள் திவ்யாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமனை முறையாக அழைக்க. வெற்றிலை, பழம், புடவை. ஜூலை ஒன்று என்று சொல்லியாயிற்று. அவன் மனைவி செல்விக்கு நாலாம் மாதம். ஏற்கெனவே இரண்டும் பெண். இளைத்திருக்கிறாள்.

சாப்பிடும்போது ஸ்டாம்ப் கதையை அளந்தேன். அவள் உடம்பு, அவள் முடிவு, காரணம் கேட்க நமக்கு உரிமை இல்லை. மேடையில் பேசுவதுபோல. குமார் மட்டும் கவனமாகக் கேட்டான். “அப்ப புருஷன் கையெழுத்தே வேணாமாக்கா?” வேண்டாம் என்றேன். பெருமை வேறு.

20-6, புதன்

செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறாள். கலைக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். வாயில் அதுதான் முதலில் வந்தது.

“நீங்கதான அண்ணி சொன்னீங்க, காரணம் கேக்கக் கூடாதுன்னு. இப்ப இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

பிறகு அவளே சொன்னாள். திங்கட்கிழமை ஸ்கேன். அங்கே சுவரில் போர்டு உண்டு, ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று. ஸ்கேன்காரன் சொல்லவில்லையாம். ஸ்வீட் எதுவும் வாங்க வேண்டாம் என்றானாம், அவ்வளவுதான். ராஸ்கல். குமார் எதிரே டீக்கடையில். உள்ளே வரவில்லை. அவன் கையெழுத்துதான் தேவையில்லையே. நான் சண்டை போட்டு வாங்கியதில் சுகம் அவனுக்கு.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“அதக் கேட்டுகினா என்னை உங்க வூட்டுக்குக் கட்டிக் குடுத்தாங்க? இதுவும் பொண்ணா பொறந்தா அவுரு வேற ஒருத்திய இட்டாருவாரு. அப்ப என் ரெண்டு புள்ளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?”

ஒரு வாரம் பொறு என்று அனுப்பினேன். அதுவே திருப்பி அனுப்பியதுதான்.

21-6, வியாழன்

கோபத்தில் இரண்டு ஊசி நழுவின. விஷயம் டாக்டர் காதுக்கும் போயிருக்கிறது. சொந்தம் என்றதும் காரணம் கேட்கிறீர்களே சிஸ்டர் என்று சிரித்தார். அறையலாம் போல.

எழுதிப் பார்க்கிறேன்.
பெண் சிசு என்பதால் கலைப்பது தப்பு. சந்தேகமே இல்லை.
செல்வியைத் தடுத்து அந்த வீட்டிலேயே பெற வைப்பது? அதுவும் தப்பு. அவள் வயிறு எனக்கும் சொந்தமில்லை.
கேன்டீன் பெண்ணுக்கு ஒரு நியாயம், செல்விக்கு ஒரு நியாயமா? இல்லை. கேன்டீன் பெண் தானாக வந்தாள். இவளை அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்பதில்லை, சரி. யார் அனுப்பினது என்று கேட்டே தீருவேன். அனுப்பியவனை விடக் கூடாது.

ஸ்கேன்காரன் மேல் மனு எழுதிவிட்டேன். நாளை தபால்.

திவ்யா ஜாக்கெட் தையல்காரரிடம். சனிக்கிழமை தருகிறாராம்.

22-6, வெள்ளி

லீவு போட்டுக் குமார் வீட்டுக்குப் போனேன். அம்மா, செல்வி எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். “பொண்ணு வேணான்றவன் என் பொண்ணுக்கு மாலை போட வேணாம். உன் சீர்த்தட்டு என் வாசப்படி ஏறக் கூடாது.”

“அது வேற, இது வேறக்கா” என்றான். இதை எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்? என் பெண் பூப்படைந்தால் தட்டு தட்டாகச் சீர். தன் பெண் பிறக்கவே கூடாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தாய்மாமன் இல்லாத சடங்கா, சாதிசனம் காறித் துப்பும் என்று. துப்பட்டும்.

செல்வியை என்னோடு வா என்றேன். பெற்றுக்கொண்டாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, என் வீட்டில் இருந்து நீயே யோசி. பாத்திரம் தேய்த்துக்கொண்டே முறைத்தாள். “எனக்காகப் பேசறேன்னு வந்து என்னைத்தான் மாட்டி வுட்டுட்டுப் போறீங்க.”

உண்மை. பஸ்ஸில் முழுக்க அழுகை. ஆத்திரத்தில் வந்த அழுகை.

1-7, ஞாயிறு

சடங்கு. சமையல்காரர் சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார். சபையில் தாய்மாமன் மாலையோடு நிற்க வேண்டிய இடம் காலி. “தம்பிகூட ஆவாதாமே, இன்னா கதையோ.” காதில் விழட்டும் என்றே பேசினார்கள். அம்மா வரவில்லை. மாமா ஏன் வரவில்லை என்று திவ்யா கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். எல்லாம் சொல்வேன்.

மூன்று மணிக்கு, இலையெல்லாம் எடுத்த பிறகு, செல்வி. இரண்டு பெண்களும் ஒரு பையும். கன்னத்தில் விரல் தடம். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“வயித்துல இன்னும் கீது அண்ணி. நான் ஒண்ணும் முடிவு பண்ணல. பண்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

சரி என்றேன். வைத்துக்கொள்ளடி என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் குழந்தை எனக்கு வேண்டும், அவ்வளவு வேண்டும். சொன்னால் குமாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சோறு போட்டேன். வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.